வழிதவறிய பிள்ளைகளுக்குத் துணை நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு வந்த ஒரு பையனை, வந்த மூன்றாவது மாதமே மேடையேற்றி சாட்சி சொல்ல வைத்தோம். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், வலி மாத்திரையைப் போதைக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். "எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்று மைக்கில் சொன்னான். சபையே கைதட்டியது. அடுத்த மாதம் மறுபடி மாத்திரை போட்டிருக்கிறான். அதோடு சபைப் பக்கம் வரவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எப்படிண்ணா வர்றது? அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேனே" என்றான்.

இந்த ஊழியத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். போதையை விட முயல்கிறவர்களில் பலர் ஒருமுறையாவது சறுக்குவார்கள். சறுக்கிய அன்றைக்குத்தான் அவனுக்கு நம் துணை அதிகம் தேவை. நாமோ அவனை மேடையேற்றி, அந்த நாளில் நம் முகத்தில் விழிக்க முடியாதபடி செய்துவிடுகிறோம். வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் மாற்கு, பவுலும் பர்னபாவும் போன ஊழியப் பயணத்தில் அவர்களைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவன். பவுல் அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தார்; பர்னபா கூட்டிக்கொண்டு போனார். பிற்பாடு அதே பவுல், மாற்கு எனக்குப் பிரயோஜனமானவன், அழைத்து வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். நடுவில் கடந்தது பல வருடம்.

அடுத்தது ஜெபக் குறிப்பு. "இந்தத் தம்பி போதையில் இருக்கிறான், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் குழுவில் அவன் தெருக்காரர்களும் இருப்பார்கள். வழக்கில் சிக்கிய பையன் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. பெயர் சொல்லாமலே ஜெபிக்கலாம், ஆண்டவருக்குத் தெரியும்.

அதற்காக, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பையனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மறைப்பது குற்றம். செய்தவர் சபைக்காரராகவே இருந்தாலும் உள்ளுக்குள் பேசி முடிக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து பேச வேண்டாம். நாலு பேர் கண்ணில் படும் இடமே போதும்.

உதவியையும் ஆலயத்துக்கு வருவதையும் முடிச்சுப் போடுவதும் தவறு. கூட்டத்துக்கு வந்தால் ஃபீஸ் கட்டுவோம் என்றால், ஃபீஸுக்காக வருவான். வேறு மதத்துப் பிள்ளை என்றால் அவன் வீட்டாரிடம் நாம் யார், எதற்கு வருகிறோம் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். இயேசுவைப் பற்றி அவனாகக் கேட்கும் நாள் வந்தால், தாராளமாகச் சொல்லலாம். மாத்திரைப் பழக்கத்துக்கு ஜெபம் மட்டும் போதும் என்று மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பதும் ஆபத்து. ஜெபித்துவிட்டே கூட்டிப் போங்கள்.

சரி, என்னதான் செய்வது? சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போங்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பெரியவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு வியாழனும் மாலை ஆறு மணிக்கு அந்தப் பையன் தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். ஏழு வாரம் அவன் வரவில்லை. எட்டாவது வாரம் வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு டீ சொன்னேன்.

வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாலே போதும். விண்ணப்பம் போட நானும் கூடப் போனேன். இப்போது அங்கே படிக்கிறான். சாட்சி சொல்லச் சொல்லி இதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை.