டிரெய்லரில் கொல்லுப்பட்டறை: கட்டும்போதே நேரும் தவறுகள்

சந்தை நாளில் ஓர் ஊர், அறுவடை நேரத்தில் வேறோர் ஊர் என்று பட்டறையையே டிரெய்லரில் ஏற்றிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை முனை எல்லாவற்றையும் அந்தந்த ஊரிலேயே அடித்துக் கொடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டுப் பட்டறையில் இருந்த மாதிரியே எல்லாவற்றையும் வண்டித் தளத்தில் பொருத்திவிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது.

காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டியான பட்டறைக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தில் போல்ட் போட்டு இறுக்கி, வண்டிமேல் நின்றே சம்மட்டி அடிக்கிறார்கள். தளத்துக்குக் கீழே இருப்பது வண்டியின் வில்பட்டையும் டயரும். அடி விழும்போதெல்லாம் அவை அமுங்கும். இரும்புக்குள் இறங்க வேண்டிய அடியில் ஒரு பங்கு வண்டியை ஆட்டுவதிலேயே போய்விடும். மூன்று அடியில் முடியும் வேலைக்கு ஐந்து அடி தேவைப்படும். கல்லைத் தரையில் இறக்கித்தான் அடிக்க வேண்டும். 80 கிலோ கல்லைத் தினமும் ஏற்றி இறக்க இடுப்பு தாங்காது. டிரெய்லர் ஓரத்தில் ஒரு இரும்புக் கை நட்டு, எடை தூக்கும் சங்கிலிக் கப்பியான சின்னச் செயின் பிளாக் மாட்டிவிடுங்கள். இறக்கும் இடத்தில் மண்ணைச் சமன்செய்து மணல் பரப்பி மரக்கட்டையை வைத்தால் ஆடாது.

எடையைப் பிரித்து வைப்பதிலும் கவனம் வேண்டும். இறக்க வசதி என்று கல், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், கரி மூட்டை எல்லாவற்றையும் பின்கதவோரம் வைத்தால் முன் கொக்கி மேலே தூக்கும். வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்பு போல் நெளியும். ஒற்றை அச்சு டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும். மொத்தம் 600 கிலோ என்றால் 60 முதல் 90 கிலோ. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். 100 லிட்டர் என்பது 100 கிலோ, தொட்டி அரைகுறையாக இருந்தால் அது உள்ளே அலையவும் செய்யும். வண்டியைக் கழற்றி நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டையும் நான்கு மூலைக்கும் தாங்குகாலும் கொடுத்த பிறகே மேலே ஏறுங்கள்.

மரப்பலகைமேல் வெறும் தகடு அடித்து அதன்மேல் உலையை வைக்கக் கூடாது. தகடு சூட்டைக் கீழே கடத்தும்; பலகை கண்ணுக்குத் தெரியாமல் கருகிக்கொண்டே இருக்கும். இரும்புக் கால் கொடுத்து, காற்றோட இடைவெளி விட்டு, தீச்செங்கல் பரப்புங்கள். உலையருகே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் ஜி.ஐ. குழாயும் வேண்டவே வேண்டாம்: சூடேறினால் துத்தநாகப் புகை வரும், சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சல் அடிக்கும். கேஸ் உலை என்றால் வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வணிகத்துக்கான 19 கிலோ சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகே கிளம்புங்கள். கரி உலையில் சாம்பலுக்கடியில் ஒரு கங்கு இருந்தாலும் போதும், ஓடும் வண்டியில் அடிக்கும் காற்றே துருத்தியாகிவிடும்.

கடைசியாக, யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒன்று: வெளிச்சம். உள் பட்டறையின் மங்கலில் செக்கச் செவேலென்று தெரியும் இரும்பு, நடுப்பகல் வெயிலில் கறுப்பாகவே தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சுவோம். எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் தடித்து, பதம் போட்ட (காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்கிய) அரிவாள் முதல் வெட்டிலேயே பல் விழும். சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. பதம் போடும் சூடு அதற்குச் சற்றுமேல். கெட்டியான எஃகு உடையாமலிருக்க மறுபடி லேசாகச் சூடாக்கிப் பதத்தைத் தளர்த்தும்போது வரும் வைக்கோல் நிறத்துக்கும் நீலத்துக்கும் இடையே எழுபது டிகிரிதான் வித்தியாசம். அதையும் நிழலில்தான் பிரித்தறிய முடியும். அதனால் டிரெய்லர் கூரையை உலைப் பக்கம் நான்கடி நீட்டிவிடுங்கள், தார்ப்பாயாக இல்லாமல் தகடாக இருக்கட்டும். சுற்றிலும் பெட்டி போல் அடைத்துவிடாதீர்கள், கரிப்புகையின் நஞ்சு உள்ளேயே தங்கும். ஊருக்குள் வண்டியை நிறுத்தும்போதே உலைமுகத்தில் வெயில் விழாத பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். மாலைச் சந்தை என்றால், மேற்கு வெயில் எங்கே இறங்கும் என்பதையும் பார்த்து.