டேகில் உள்ள 10 இலக்கங்கள்: விமானப் பெட்டியைத் தவறவிடாமல் இருக்க

செக்-இன் கவுன்டரில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் நீளமான டேகை, பெட்டி பெல்ட்டில் நகரும் முன்பே படித்துவிடுங்கள். உங்கள் பெயர், கடைசியாக இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு (லண்டன் ஹீத்ரோ என்றால் எல்.எச்.ஆர்.), இடையில் விமானம் மாறும் ஊர்கள் ஆகிய மூன்று விவரங்களும் சரியா? தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் டேக் முதல் ஊரோடு முடிந்துவிடலாம். அப்படியானால் அங்கே பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்தாக வேண்டும்.

பார்கோடுக்குக் கீழே 0176483915 என்பதுபோல 10 இலக்கங்கள் இருக்கும். முதல் 0 சாதாரண டேகைக் குறிக்கும். 2 என்றால் பின்தங்கி, அவசரமாக அனுப்பப்படும் பெட்டி. அடுத்த மூன்றும் விமான நிறுவனம், 176 எமிரேட்ஸ். மீதி ஆறும் வரிசை எண். கையில் தரும் துண்டுச்சீட்டிலும் இந்த எண் இருக்கும். அதை உடனே போட்டோ எடுத்து வையுங்கள், பெட்டியையும் சேர்த்து.

பெட்டி எப்படிக் கிடந்தாலும் ஸ்கேனர் படிக்கட்டும் என்றுதான் பார்கோடை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அச்சிடுகிறார்கள். பழைய டேக் தொங்கினால் அந்த ஏற்பாடு வீண். இரண்டு எண்கள் கண்ணில் பட்டால் இயந்திரம் பெட்டியை ஒதுக்கிவிடும். ஆள் வந்து பார்ப்பதற்குள் விமானம் போய்விடலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களையும் மறக்காமல் உரித்தெடுங்கள். பலரும் அவற்றைக் கவனிப்பதே இல்லை.

டேக் கிழிந்து போவதும் உண்டு. அதற்காகப் பெட்டிக்குள்ளே, மேலாக, பெயரும் போன் நம்பரும் எழுதிய தாளை வையுங்கள்.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753-ஆம் தீர்மானப்படி, 2018 ஜூன் முதல் விமான நிறுவனங்கள் பெட்டியை ஒப்படைக்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வேறு விமானத்துக்கு மாற்றும்போது, பயணியிடம் திரும்பத் தரும்போது என நான்கு இடங்களில் பதிவு செய்யவேண்டும். பல நிறுவனங்களின் ஆப்பில் இதைப் பார்க்கலாம். பெட்டிகள் அதிகம் பின்தங்குவது விமானம் மாறும் இடத்தில்தான். அங்கே ஒருமுறை ஆப்பைப் பாருங்கள்.

பெட்டி வரவில்லையா? ஹாலை விட்டு வெளியேறாதீர்கள். பேகேஜ் கவுன்டரில் டேக் எண்ணைக் கொடுத்துப் புகார் பதியுங்கள். பெட்டியின் நிறத்தோடு, உள்ளே இருக்கும் தனித்துத் தெரியும் பொருள் ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். கறுப்புப் பெட்டிகள் குவிந்து கிடக்கும் இடத்தில் அதுதான் அடையாளம். ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக ஒரு குறிப்பு எண் தருவார்கள். அதை வைத்து, தொலைந்த பெட்டிகளைத் தேட உதவும் வேர்ல்டுட்ரேசர் அமைப்பில் தேடலாம். சர்வதேசப் பயணத்தில், விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வகுக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்குப் பெட்டி கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோரவேண்டும்.