கம்பத்துக் கல்யாணத்துக்கு வந்து சேர்வது எப்படி: சென்னை சம்பந்திகளுக்குப் பெண்ணின் தாய்மாமன் எழுதுவது

பத்திரிகையில் மண்டபம், முகூர்த்த நேரம், தாத்தா பாட்டி பெயர் வரை எல்லாம் போட்டாயிற்று. எப்படி வந்து சேர்வது என்பதை மட்டும் யாரும் போடவில்லை. "கம்பத்துக்கு எந்த ட்ரெயின்?" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆளாளுக்கு போன் செய்கிறார்கள். கம்பத்துக்கு ட்ரெயின் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்கு ரயில் பாதை வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் கேட்காத ஆள் இல்லை. அது வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை, வடக்கே கொடைக்கானல் மலை. நடுவில் நீளமாக ஒரு பள்ளத்தாக்கு, அதன் உள்கோடியில் கம்பம். மதுரையிலிருந்து வந்தால் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்ட வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து வந்தால் வத்தலக்குண்டு, பெரியகுளம் வழி. எந்த வழியில் வந்தாலும் தேனிக்கு அப்புறம் இன்னும் நாற்பது கிலோமீட்டர். தேனி வரை வந்துவிட்டால் வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வேலை, திரும்பிப் போகும் டிக்கெட்டைப் போடுவது. எல்லோரும் வருவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையில் கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அன்று கிளம்புவார்கள். தனியார் பேருந்துக் கட்டணம் அன்றைக்கு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்குக் கார்த்திகை மாதம், ஐயப்பன் சீசன் வேறு. திரும்பும் டிக்கெட் கைக்கு வந்த பிறகு, அதற்குத் தோதாக வருவதை முடிவு செய்யுங்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. சென்னை–போடிநாயக்கனூர் எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. சென்னையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி இரவு. போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு. நம் கல்யாணம் ஞாயிறு காலை. வெள்ளி இரவு ஏறினால் சனி காலை ஒன்பது மணி வாக்கில் தேனி. ஞாயிறு மதியப் பந்தி முடித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, அதே ரயிலில் ஊர் திரும்பலாம். முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும். திறக்கிற அன்றைக்கே போட்டுவிடுங்கள். மதுரை, திண்டுக்கல் பயணிகளும் இதே வண்டிக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

இந்த ரயிலைப் பற்றி மூன்று விஷயம். இது எழும்பூரிலிருந்து கிளம்பாது, சென்ட்ரலிலிருந்து கிளம்பும். தெற்கே போகிற வண்டி என்றால் கால் தானாக எழும்பூருக்குப் போய்விடும், கவனம். சேலம், நாமக்கல், கரூர் என்று சுற்றித்தான் வரும். அப்புறம், கடைசி ஸ்டேஷன் போடி என்பதால் போடி வரை போகாதீர்கள். தேனியிலேயே இறங்கிவிடுங்கள், கம்பத்துக்கு அடிக்கடி பஸ் இருப்பது அங்கிருந்துதான். கிளம்பும் நேரம் மாறுவதுண்டு, டிக்கெட்டில் உள்ளதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு கிளம்பி நேரே முகூர்த்தத்துக்கு வருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். சனி இரவு இந்த வண்டி கிடையாது. இருந்தாலும் ஒன்பது மணிக்குத் தேனியில் இறங்கி என்ன செய்வது? முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. தாலி கட்டி முடிந்து, இட்லியும் தீர்ந்திருக்கும். முதல் நாள் மாலை நிச்சயத்துக்கே வந்துவிடுவதுதான் மரியாதை, வசதியும் அதுதான்.

போடி ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு வரலாம். விடியற்காலையிலேயே இறங்கிவிடலாம். இங்கே நிறைய பேர் மாட்டுத்தாவணிக்குப் போய்விடுகிறார்கள். சென்னை பஸ் அங்கே வரும் என்பதால் எல்லா பஸ்ஸும் அங்கேதான் என்று நினைப்பு. தேனி, கம்பம், குமுளி பஸ்ஸெல்லாம் ஆரப்பாளையத்திலிருந்து. ரயில் நிலையத்துக்கு அதுதான் பக்கமும்கூட. ஆட்டோக்காரரிடம் "ஆரப்பாளையம்" என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். குமுளி என்று போர்டு போட்ட பஸ்ஸும் கம்பம் வழியாகத்தான் போகும், ஏறலாம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், அப்புறம் கம்பம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து காலையில் போடிக்கு ஒரு பயணிகள் ரயிலும் உண்டு. எட்டு மணிக்கு மேல்தான் கிளம்பும். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் பஸ்ஸில் தேனியை நெருங்கிவிடலாம். ஆனால் வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியவர்கள் தாராளமாக அதிலேயே வரட்டும். டிக்கெட் மலிவு, வழியில் கணவாயைக் குடைந்து போகும் பாதையும் பார்க்க நன்றாக இருக்கும். இந்தப் பாதையில் மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையாகித் தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். பதினோரு வருஷம் ஒரு மாவட்டத் தலைநகரில் ரயில் சத்தமே இல்லை. திரும்பி வந்த ரயிலையும் காலையில் மதுரையிலிருந்து தேனிக்கும், மாலையில் தேனியிலிருந்து மதுரைக்கும் விட்டார்கள். காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் மாலையில் திரும்ப வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு நேர் தலைகீழ். சரி, கல்யாணத்துக்கு வருகிற உங்களுக்காவது அது உதவட்டும்.

நேரடி பஸ் வேண்டுமென்றால் அரசு விரைவுப் பேருந்து கம்பத்துக்கும் குமுளிக்கும் உண்டு. கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும். வடசென்னையில் இருப்பவர்களுக்குக் கிளாம்பாக்கம் போவதே ஒரு பயணம், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறியதும் நடத்துநரிடம் ஒன்று கேளுங்கள்: ஊருக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வருமா, பைபாஸில் இறக்கிவிடுவாரா? இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் பைபாஸ் போட்டுவிட்டார்கள். விடியற்காலை இருட்டில் பெட்டியும் பட்டுப்புடவையுமாக திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் நிற்க வேண்டாம்.

காரில் வருபவர்கள் மதுரைக்கு வரவே வேண்டாம். திருச்சி தாண்டித் திண்டுக்கல்லில் மேற்கே திரும்பி, செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி. திண்டுக்கல் வரை நான்குவழிச் சாலையில் பறந்து வந்த கால் அதற்கப்புறம் அடங்க வேண்டும். இது நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை. காலையிலும் மாலையிலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் எதிரே வரும். மலைப்பாதையில் பழகிய டிரைவர்கள், சமதளத்திலும் அதே தைரியம். பட்டுக்கூடைச் சீர்வரிசையோடு அவர்களை முந்தப் பார்க்காதீர்கள். இருட்டுவதற்குள் வந்து சேர்வதுபோலக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். போகிற வழியில் கொடைக்கானல் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார் ஒருவர். அது வழியில் இல்லை, மலைமேல் இருக்கிறது. திரும்பும்போது பாருங்கள்.

எர்ணாகுளத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் அத்தை குடும்பத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் என்றால் கோட்டயம் வந்து குமுளி, அங்கிருந்து லோயர்கேம்ப் வழியாக இறங்கினால் கம்பம். சபரிமலை வண்டிகளால் அந்தச் சாலை முண்டக்கயம் பக்கம் திணறும், நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். காரென்றால் மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு. போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு, மழையிலும் பனியிலும் இரவில் இறங்கக் கூடாது. மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு, கிளம்புமுன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். போடிக்கு வந்ததும் தேனிக்குப் போகாமல் தேவாரம் வழியாக நேரே கம்பம் வந்துவிடலாம். மேப் ஒருவேளை கம்பம்மெட்டு வழியைக் காட்டும். சீசனில் கூட்டம் கூடினால், சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருந்தால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும்.

ஞாயிறு திரும்ப எதிலும் இடம் கிடைக்கவில்லையா? திண்டுக்கல்தான் கைகொடுக்கும். பாண்டியன், பொதிகை, நெல்லை, முத்துநகர் என்று தெற்கிலிருந்து சென்னை போகிற இரவு ரயில்கள் வரிசையாக அந்த வழியாகத்தான் போகின்றன. ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் தட்கல் பார்க்கலாம். ஆனால் மாலை நாலு மணிக்குள் கம்பத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பெரியகுளத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றால் போதும், ரயில் போய்விடும். நாலு மணிக்கு எந்தப் பெரியப்பா பிடித்துவைத்துப் பேசினாலும் கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

சனி காலை தேனி ஸ்டேஷனுக்கு வேன் அனுப்புகிறேன். எத்தனை பேர் இறங்குகிறீர்கள், அதில் படி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர் என்று புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். டிரைவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.