அரிப்புக்கு உணவுதான் காரணமா? நாய், பூனைகளுக்கான எட்டு வாரச் சோதனை

நாய் ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. காதில் அடிக்கடி புண் வருகிறது. மருந்து போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். அல்லது உங்கள் பூனை வயிற்று முடியை நக்கி நக்கியே வழித்துவிட்டது. "சாப்பாடு ஒத்துக்கவில்லை போல, தீனியை மாற்றிப் பாருங்க" என்று யாராவது சொல்கிறார்கள். ஒரு பையை வாங்கிப் பத்து நாள் பார்த்துவிட்டு அடுத்த பைக்குத் தாவுகிறீர்கள்.

என் நாய்க்கு இப்படியே ஒரு வருடம் செய்தேன். எது சேரும், எது சேராது என்று ஒன்றும் பிடிபடவில்லை. முறையாக எட்டு வாரம் உட்கார்ந்து செய்தபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு வருட அரிப்பை அது பட்டிருக்கவே வேண்டாம் என்பது இன்றும் எனக்கு வருத்தம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். இரத்தம், எச்சில், முடி இவற்றை அனுப்பி உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கலாம் என்று விற்கப்படும் பரிசோதனைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களின் மாதிரிகளோடு பொம்மை நாயின் முடியையும் அனுப்பிப் பார்த்தார்கள். பொம்மைக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்தது! தோல் மருத்துவம் படித்த கால்நடை மருத்துவர்கள் இன்றும் நம்புவது ஒரே வழியைத்தான்: சந்தேகப்படும் உணவை முழுக்க நிறுத்திப் பார்ப்பது, பிறகு அதையே திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. இதற்கு எலிமினேஷன் டயட் என்று பெயர்.

முதல் படி: சந்தேகம் சரிதானா?

உணவால் வரும் அரிப்புக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுக்க இருக்கும். நாய்களுக்குப் பாதம், காது, அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய இடம் ஆகியவை அதிகம் பாதிக்கப்படும். பூனைகள் முகத்தையும் கழுத்தையும் சொறிந்து புண்ணாக்கும். தோலைத் தடவினால் கடுகு போலச் சின்னச் சின்னப் பொருக்குகள் கையில் தட்டும். அரிப்போடு வாந்தி, இளகிய மலம், ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் மலம் கழிப்பது இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு வயதுக்குள்ளோ, வயதான பிறகு திடீரென்றோ அரிப்பு தொடங்கினாலும் உணவை யோசிக்க வேண்டும்.

"இத்தனை வருஷமா இதைத்தானே சாப்பிடுது, இப்ப எப்படி?" என்று கேட்பவர்கள் நிறைய. ஒவ்வாமை பழகிய உணவுக்குத்தான் வரும். உடல் ஒரு புரதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. நாய்களில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. பூனைகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி. பெரும்பாலும் காரணம் இறைச்சிப் புரதம்தான், தானியம் அல்ல. தானியம் இல்லாத தீனிக்கு மாற்றியும் அரிப்பு நிற்காமல் போவது இதனால்தான்.

இரண்டாம் படி: மற்ற காரணங்களைக் களைந்துவிடுங்கள்

இதைச் செய்யாமல் உணவுச் சோதனையில் இறங்கினால் எட்டு வாரமும் வீண். தெள்ளுப்பூச்சி ஒன்றிரண்டு கடித்தாலே சில விலங்குகளுக்குக் கடுமையான அரிப்பு வரும். பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. வீட்டில் உள்ள எல்லா விலங்குகளுக்கும் தெள்ளுப்பூச்சி மருந்தை, சோதனை முடியும் வரை விடாமல் கொடுங்கள். சொறிப்பேன், படர்தாமரை, தோலிலும் காதிலும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் தொற்று இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டியும் ஒற்றியெடுத்தும் பார்ப்பார். தொற்று இருந்தால் அதற்கு முதலில் சிகிச்சை.

மூன்றாம் படி: சோதனை உணவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் நாயோ பூனையோ இதுவரை சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். தீனிப் பைகளின் பின்பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து. அந்தப் பட்டியலில் இல்லாத புரதம்தான் வேண்டும்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஹைட்ரோலைஸ்டு உணவு. இதில் புரதம் மிகச் சிறிய துண்டுகளாக உடைக்கப்பட்டிருக்கும். அதனால் பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாது. இன்னொரு வழி, இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு இறைச்சியைக் கொண்ட மருத்துவ உணவு. ஆனால் மாட்டிறைச்சி சாப்பிட்டு வந்த நாய்க்கு ஆட்டிறைச்சி அவ்வளவு பாதுகாப்பான மாற்று அல்ல. இரண்டின் புரதங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. கடையில் "ஒரே இறைச்சி" என்று விற்கும் சாதாரணத் தீனிகளில் லேபிளில் சொல்லாத இறைச்சியும் கலந்திருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. சோதனைக்கு அவை வேண்டாம்.

வீட்டிலேயே சமைக்கலாமா? ஒரு இறைச்சி, ஒரு மாவுச்சத்து, வேறெதுவும் இல்லை என்று வளர்ந்த நாய்க்குச் செய்யலாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, இரண்டுமே அவற்றுக்கு நஞ்சு. குட்டிகளுக்கு வீட்டுச் சமையல் மட்டும் போதாது, கால்சியம் குறையும். பூனைக்கு டாரின் என்ற சத்து குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். எனவே மருத்துவரிடம் அளவு வாங்காமல் சமைக்க ஆரம்பிக்காதீர்கள்.

நான்காம் படி: மெதுவாக மாற்றுங்கள்

பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் முழுக்க மாறுங்கள். புதிய உணவு மட்டுமே போகும் நாளிலிருந்துதான் எட்டு வாரக் கணக்கு. பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டால் "பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிடாதீர்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: எட்டு வாரம், ஒரு துணுக்குகூடக் கூடாது

சோதனைகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். உணவு ஒவ்வாமை உள்ள விலங்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் எட்டு வாரத்தில் குணம் தெரியும். நான்கு வாரத்தில் நிறுத்தினால் பலவற்றைத் தவறவிடுவோம். வயிற்றுக் கோளாறு மட்டும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே மாற்றம் தெரியும். தோலுக்குத்தான் பொறுமை வேண்டும்.

வெளியிலிருந்து என்னென்ன உள்ளே போகும் என்று யோசியுங்கள். பிஸ்கட், மெல்லும் தோல் எலும்பு, குழந்தை கீழே சிந்தியது, பக்கத்துக் கிண்ணத்தில் இன்னொரு விலங்கு மிச்சம் வைத்தது, சுவையூட்டிய பற்பசை. மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் சீஸ் துண்டும் கணக்குதான். எங்கள் வீட்டில் ஐந்தாவது வாரம் திடீரென்று அரிப்பு ஏறியது. யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். உண்மைதான். நானே என் கையால் கொடுத்த குடற்புழு மாத்திரை மாட்டிறைச்சிச் சுவையூட்டியது. அதிலிருந்து எந்த மருந்து வாங்கினாலும் "சுவை சேர்க்காதது இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறேன்.

வீட்டில் எல்லோரையும் ஒரு முறை உட்கார வைத்துப் பேசுங்கள். கொஞ்சுவதற்காக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, அன்றைய சோதனை உணவிலேயே ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுக் கொடுங்கள். வெளியே சுற்றும் பூனையை இந்த இரண்டு மாதம் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். வேறு வழியில்லை. தவறிப் போய் ஏதாவது தின்றுவிட்டால் தேதியோடு எழுதி வையுங்கள். சோதனையைச் சில நாள் நீட்டிக்க வேண்டியிருக்கலாம்.

வாரம் ஒரு முறை, அதே கிழமையில், அரிப்புக்குப் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். காது, பாதம், வயிறு மூன்றையும் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படங்களுக்குத் தெரியும். அரிப்பு தாங்க முடியாமல் இருந்தால் மருத்துவர் ஆரம்ப வாரங்களுக்கு ஸ்டீராய்டு போன்ற மருந்து தரலாம். அதில் தப்பில்லை. ஆனால் மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரமாவது சோதனை உணவில் இருந்தால்தான் குணம் உணவாலா, மருந்தாலா என்று தெரியும்.

ஆறாம் படி: பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள்

நன்றாகிவிட்டது, எதற்கு மறுபடி வம்பு? மனசு அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்தப் படி இல்லாமல் கண்டுபிடிப்பு முழுமையாகாது. தெள்ளுப்பூச்சி மருந்தால் சரியாகியிருக்கலாம், தொற்று ஆறியதால் இருக்கலாம், மகரந்தப் பருவம் முடிந்திருக்கலாம். பழைய தீனியை அதிகபட்சம் 14 நாள் கொடுத்துப் பாருங்கள். சிலவற்றுக்குச் சில மணி நேரத்திலேயே அரிப்பு திரும்பும், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். திரும்பியதும் உடனே நிறுத்திச் சோதனை உணவுக்கு வாருங்கள். மீண்டும் அடங்கினால் உணவு ஒவ்வாமை உறுதி. முன்பு முகம் வீங்கியோ, மூச்சுத் திணறியோ இருந்தால் மட்டும் இதை நீங்களாகச் செய்யக் கூடாது.

எட்டு வாரமும் ஒழுங்காகச் செய்து துளியும் மாற்றமில்லை என்றால், பெரும்பாலும் உணவு காரணமல்ல. தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றின் பக்கம் மருத்துவர் கவனத்தைத் திருப்புவார். பாதி குறைந்து பாதி நிற்கிறது என்றால் இரண்டுமே இருக்கலாம். அப்படி இருப்பவை குறைவல்ல.

ஏழாம் படி: எந்தப் பொருள்?

சோதனை உணவோடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். கோழியென்றால் வேகவைத்த கோழி மட்டும், தினமும் கொஞ்சம், இரண்டு வாரம். அரிப்பு வந்தால் நிறுத்தி, முழுக்க அடங்கிய பிறகே அடுத்தது. எங்களுக்கு இதற்கு மூன்று மாதம் ஆனது. மாட்டிறைச்சியும் பாலும் சேரவில்லை. ஒரு வருடம் நான் பயந்து விலக்கி வைத்திருந்த கோழிக்கு ஒன்றுமே ஆகவில்லை. இப்போது அது கோழி தின்கிறது, இரவில் தூங்குகிறது. தீனிப் பையில் "இறைச்சி உபபொருட்கள்" என்று மட்டும் போட்டு எந்த விலங்கு என்று சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பையை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.