குறுகிய வழியை வாக்கியத்தில் தேடுவது எப்படி?

வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலில், குறுகிய வழி இருக்கும்போது நீண்ட வழி கூடாது என்னும் சிக்கனக் கொள்கையைக் கற்பிக்க, நான் வரையறையில் தொடங்குவதில்லை. பலகையில் இரண்டு ஆங்கில வாக்கியங்களை எழுதுவேன்: 'ஹூ பாட் வாட்?' (யார் எதை வாங்கினார்?), 'வாட் டிட் ஹூ பை?' (எதை யார் வாங்கினார்?). முதலாவது சரி. இரண்டாவது ஆங்கிலம் பேசுபவர்களின் காதில் உறுத்தும்.

அடுத்து இரண்டுக்கும் கிளைப்படம், அதாவது சொற்கள் எப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இணைகின்றன என்று காட்டும் படம், வரையுங்கள். வாக்கியத்தின் உச்சி ஒரு வினாச்சொல்லைத் தன்னிடம் இழுக்கிறது. அங்கிருந்து கீழே இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது எழுவாயான 'ஹூ'. அதைத் தாண்டி 'வாட்' மேலே போவது நீண்ட பாதை. குறுகியது இருக்கும்போது அதற்கு அனுமதியில்லை. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1973இல் இதைத் தனி நிபந்தனையாகவே வைத்தார். 1995இல் வெளியான அவருடைய 'மினிமலிஸ்ட் திட்டம்' என்ற நூலில்தான் குறுகிய இணைப்பு என்ற சிக்கன விதி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த நகர்வு இது: தனித்தனி விதிகள் கரைந்து, பொதுவான ஒன்று மிஞ்சுகிறது.

தூரத்தைச் சொற்களை எண்ணி அளக்காதீர்கள். படத்தில் எது எதற்கு மேலே நிற்கிறது என்பதே கணக்கு. ஒரே சொற்தொகுதியிலிருந்து, அதாவது அதே சொற்களைக் கொண்டு, பிறந்த வாக்கியங்களை மட்டும் போட்டிக்கு விடுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் கூடுதலாக இருக்கும் 'டிட்' காலத்தைத் தாங்க வந்தது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

அப்புறம், 'விச் புக் டிட் விச் ஸ்டூடன்ட் ரீட்?' (எந்தப் புத்தகத்தை எந்த மாணவர் படித்தார்?) என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். பாதை நீண்டதுதான், ஆனாலும் பலருக்கு உறுத்தாது. பேசுபவர்கள் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும் வினா இது என்று 1987இல் மொழியியலாளர் டேவிட் பெசெட்ஸ்கி விளக்கினார். விவாதத்தை அங்கிருந்து மாணவர்களிடம் விட்டுவிடுங்கள்.