குறியிடும் மென்பொருள்: இலவசம் என்றவுடன் இறக்கிவிடாதீர்கள்

அரட்டைகளையும் பின்னூட்டங்களையும் ஆய்வு செய்பவர்கள் பலர், எதைக் குறியிடப் போகிறோம், அதாவது உரையின் எந்தப் பகுதிக்கு எந்த வகைப்பெயர் ஒட்டப் போகிறோம் என்று முடிவு செய்யுமுன்பே மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். எல்லோரும் சொல்கிறார்களே என்று ஈலான் (ELAN) என்ற மென்பொருளை எடுப்பது வழக்கமான தவறு. நல்ல கருவிதான், ஆனால் ஒலி, காணொளியின் நேரக்கோட்டில் குறியிடுவதற்கானது. நேரக்கோடே இல்லாத எழுத்து அரட்டைக்கு அங்கே என்ன வேலை? முழுச் செய்தியும் கிண்டலா இல்லையா என்று மட்டும் பிரிக்க டொக்கானோ (doccano) என்ற எளிய கருவி போதும். அதற்கு இன்செப்ஷன் (INCEpTION) என்ற பெரிய கருவியை நிறுவுவது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற கதை. எந்தப் பதில் எந்தச் செய்திக்கு என்று கோடு இழுத்துக் காட்ட வேண்டுமானால் இன்செப்ஷன் கைகொடுக்கும்.

பலர் கவனிக்காதது எழுத்து எண்ணிக்கை. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் குறியை உரைக்குள் வைப்பதில்லை. எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்ற எண்களைத் தனியே சேமிக்கின்றன. கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜியை, நிரல்மொழிகளில் பைத்தான் ஒன்று என எண்ணும், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு என எண்ணும். கருவி ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் எழுதியதைப் பைத்தானில் படித்தால், எமோஜிக்குப் பின் நீங்கள் குறியிட்ட ‘செம’, சகரத்தை இழந்து வெறும் கொம்பும் மகரமுமாக வந்து நிற்கும். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ‘கொ’வை இரண்டு யூனிகோடு குறியீடுகளாகவும் (கணினி எழுத்துகளுக்கு வைத்திருக்கும் எண்கள்) எழுதலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் பாதி கிடைக்காது. இப்படிப் பல விதமாக எழுதியதை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கத்தைக் குறியிடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு செய்தால் எண்களெல்லாம் இடம் மாறும்.

இருவர் குறியிட்டு ஒப்பிடும் ஆய்வானால், ஒருவர் போட்டது மற்றவர் கண்ணில் படக்கூடாது. பிராட் (brat) என்ற கருவியில் ஒரே ஆவணத்தைத் திறக்கும் எல்லோரும் ஒரே குறிகளைத்தான் பார்ப்பார்கள், ஆகவே ஆளுக்கொரு நகல் வேண்டும். இன்செப்ஷன் தனித்தனியாக வைத்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற உடன்பாட்டு அளவையும் கணக்கிட்டுத் தரும்.

இலவசம் வேறு, மூலநிரலைத் திறந்து வைத்து யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் கட்டற்றது வேறு. இன்று காசு கேட்காத இணையச் சேவை நாளை கேட்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், பிறருடைய தனி அரட்டையை யாருடைய சர்வரிலோ ஏற்றுவது. பெயர்களை நீக்கிவிட்டோம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. சொந்தக் கணினியிலேயே ஓடும் கருவியைத் தேடுங்கள்.

தேர்வு செய்யுமுன் இருபது செய்திகளை ஏற்றி, குறியிட்டு, வெளியே எடுத்து, வேறொரு நிரலில் திறந்து பாருங்கள். அவற்றில் நான்கு பேர் கொண்ட குடும்ப எமோஜி ஒன்றாவது இருக்கட்டும். பார்க்க ஒரே படம், யூனிகோடில் 7 குறியீடுகள்.