உலர்ந்த காளானை வெந்நீரில் போடாதீர்கள்

தைவானின் தைச்சுங் பக்கம் சின்ஷெ என்ற மலைப்பகுதி ஷிடேக் காளானுக்குப் பேர்போனது. அந்தக் காளானைக் காயவைத்துச் சேர்க்கும் கோழி சூப், தைவான் வீடுகளில் நம் ரசம் மாதிரி சாதாரணம். ருசி முழுக்க ஊறவைப்பதில்தான் இருக்கிறது.

எட்டுப் பத்துக் காளானை ஒருமுறை அலசி, குளிர்ந்த நீரில் மூழ்கவிட்டு ஃப்ரிட்ஜில் 5, 6 மணி நேரம் வையுங்கள். வெந்நீரில் சீக்கிரம் மெத்தென்று ஆகும். ஆனால் ருசி அந்த அளவு இறங்காது. காம்பு சேரும் இடத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் ஊறட்டும். தேன் நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீரைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! அடியில் தங்கும் மண்ணை மட்டும் விட்டு, மேலாக வடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அரைக் கிலோ எலும்புக் கோழியைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துக் கழுவி, காளான், ஊறிய நீர், நாலு துண்டு இஞ்சியுடன் ஒன்றேகால் லிட்டர் அளவுக்கு நீர் சேர்த்து, சிறு தீயில் 40 நிமிடம் விடுங்கள். நாட்டுக்கோழி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உப்பு கடைசியில் போதும். மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். காளான் மணம் அமுங்கிவிடும்.